நீராவிச் சம்மட்டி கண்ட ஜேம்ஸ் நாஸ்மித்

உலைக்களத்திலும் தச்சுப் பட்டறையிலும் பிறந்து வளர்ந்த நம்மவர்க்குக் கைத்திறத்தின் பெருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும், கை ஒரு பொருளைச் செய்யத் தொடங்குமுன் மனம் அப்பொருளை ஒருமுறை செய்து முடித்துவிடுகிறது என்பதையும், மனத்தினுள் இருக்கும் அப்பொருளைப் பிறர் கண்டறியும்படி வெளிக்கொணரும் கருவி ஒன்று உண்டு என்பதையும் நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அக்கருவியே சித்திரம். சுவரில் மாட்டி அழகு பார்க்கும் சித்திரத்தை ஈண்டுக் குறிக்கவில்லை. அளவுகோல் வைத்து அங்குலக் கணக்கில் வரையும் அளவுப்படத்தையும் குறிக்கவில்லை. இவ்விரண்டுக்கும் முன்னதாக, எண்ணம் உதித்தவுடனே விரைந்து சில கோடுகளால் தீட்டிக் கொள்ளும் கருத்துச் சித்திரத்தையே குறிக்கிறோம். தரையில் கரித்துண்டால் இழுத்தாலும், பலகையில் சுண்ணக்கட்டியால் இழுத்தாலும், காகிதத்தில் பென்சிலால் இழுத்தாலும் அஃது ஒன்றே.

இத்தகைய கோடுகளின் வல்லமையைத் தம் வாழ்நாள் முழுவதும் காட்டிச் சென்ற பெரியார் ஒருவர் உண்டு. அவர் ஸ்காட்லாந்து தேசத்தில் தோன்றிய ஜேம்ஸ் நாஸ்மித் என்பவர். பெரிய இரும்பு வேலைகளுக்கு இன்றியமையாததாக விளங்கிய நீராவிச் சம்மட்டி இவருடைய பெயரோடு இணைந்தது. இரும்பையும் சம்மட்டியையும் குலத்தொழிலாகக் கொண்ட நம் குடும்பத்தார் அறிந்து கொள்ளத்தக்க வரலாறாதலின், அதனை இங்குச் சுருக்கி வரையலானோம்.

குடியும் பிறப்பும்

நாஸ்மித் என்னும் குடிப்பெயருக்கு அக்குடும்பத்தார் ஒரு பழங்கதை கூறி வந்தனர். முன்னொரு காலத்தில் உள்நாட்டுக் கலகத்தின்போது அவர்தம் முன்னோர் ஒருவர் பகைவருக்கு அஞ்சி ஒரு கொல்லன் பட்டறையில் புகுந்து, தோலாடை உடுத்துச் சம்மட்டி அடிப்பவர் போல நடித்தாராம். பழக்கமில்லாத கையாதலின் சம்மட்டியின் காம்பு ஒடிந்துபோக, தேடி வந்தவர்கள் இவர் கொல்லர் அல்லர் என்று கண்டுகொண்டனராம். கொல்லன் அல்லன் என்று அவர்கள் கூவிய சொல்லே பின்னர்க் குடிப்பெயராயிற்று என்பது அக்கதை. கதை மெய்யோ பொய்யோ, கொல்லன் அல்லன் என்று பெயர் பூண்ட குடியிலேயே உலகத்துக் கொல்லரெல்லாம் வியக்கும் சம்மட்டியைக் கண்டவர் தோன்றினார் என்பது வியப்பன்றோ!

ஜேம்ஸ் நாஸ்மித் 1808-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 19-ஆம் நாள் எடின்பரோ நகரில் பிறந்தார். அவருடைய தந்தையார் அலெக்ஸாண்டர் நாஸ்மித் என்பவர் பேர்பெற்ற சித்திரக்காரர். ஸ்காட்லாந்தின் மகாகவியாகிய ராபர்ட் பர்ன்ஸ் என்பவரின் உருவத்தை இன்று உலகம் அறிவது பெரும்பாலும் இவர் தீட்டிய படத்தைக் கொண்டே. தமையனாரும் தமக்கைமாரும் சித்திரத் தொழிலிலேயே புகழ் பெற்றனர். தந்தையாரோ தூரிகை ஒன்றோடு நின்றவரல்லர். வில்லும் நாணும் போன்ற அமைப்புடைய பாலங்களை யோசித்து வரைந்தவர். வீட்டிலேயே கடைசல் இயந்திரமும் கருவிகளும் வைத்து ஓய்வு நேரமெல்லாம் ஏதேனும் செய்து கொண்டிருந்தவர். சித்திரமும் சம்மட்டியும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த இல்லம் அது.

தந்தை தந்த கல்வி

பள்ளிக்கூடக் கல்வி நாஸ்மித்துக்கு இனிக்கவில்லை. பன்னிரண்டாம் வயதில் அவர் பெரிய பள்ளியை விட்டு நீங்கினார். ஆயினும், வீட்டில் தந்தையார் தந்த கல்வி வாணாள் முழுதும் பயன் தந்தது. அக்கல்வியின் முறை மிக எளியது. தந்தையார் சில செங்கற்களையோ அவற்றைப் போன்ற மரக்கட்டைகளையோ தரையில் தாறுமாறாக எறிவார். அவை விழுந்தபடியே அவற்றின் வடிவையும் அளவின் பொருத்தத்தையும் ஒளியையும் நிழலையும் பிழையின்றி வரையுமாறு மகனைப் பணிப்பார். ஒரு செங்கல்லை உள்ளபடி வரையக் கற்றவனுக்குப் பெரிய கோபுரத்தையும் வரைவது அரிதன்று என்பது அவர் கொள்கை.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. கண் ஒன்றைப் பார்க்கிறது என்று நாம் எண்ணுகிறோம். வரையப் புகும்போதுதான் நாம் சரியாகப் பார்க்கவில்லை என்பது புலப்படுகிறது. எந்தப் பக்கம் நீண்டது, எந்த மூலை மறைந்தது, எது எதன்மேல் சாய்ந்து நிற்கிறது என்பனவற்றைக் கோடு இழுக்கும் கை கேட்டுக் கேட்டுக் கண்ணைப் பார்க்கச் செய்கிறது. ஆகவே, சித்திரப் பயிற்சி கைக்கு மட்டும் உரிய பயிற்சியன்று; கண்ணுக்கும் அறிவுக்கும் உரிய பயிற்சி. பிற்காலத்தில் நாஸ்மித், தொழிலாளிக்குச் சித்திரம் ஒரு மொழி போன்றது என்றும், பல பக்கம் எழுதியும் விளங்காத செய்தியைச் சில கோடுகள் நொடியில் விளக்கிவிடும் என்றும் வற்புறுத்தியதற்கு வித்து இச்செங்கற் பாடமேயாம்.

படுக்கையறையில் வார்ப்படம்

பள்ளித்தோழன் ஒருவனுடைய தந்தையார் இரும்பு வார்ப்படச்சாலை நடத்தி வந்தார். சிறுவராகிய நாஸ்மித் சனிக்கிழமைதோறும் அங்குச் சென்று, வார்ப்பவர் வேலையையும் கொல்லர் வேலையையும் அருகிருந்து கண்டு, தாமும் கருவிகளைக் கையிலெடுத்துப் பழகினார். 1821-ஆம் ஆண்டில் எடின்பரோவில் தொழிலாளர்க்கென ஒரு கலாசாலை தொடங்கப் பெற்றது. அதில் சேர்ந்து 1826 வரை இயந்திர நூலும் இரசாயனமும் கணிதமும் பயின்றார்.

அக்காலத்தில் தம் படுக்கையறையையே அவர் பித்தளை வார்ப்படச்சாலை ஆக்கிக்கொண்டார். கணப்பு அடுப்பில் பித்தளையை உருக்கி, இரவில் மணற்கரு இடித்து வார்த்தார். தந்தையார் கீழறையில் உறங்குவாராதலின் ஓசை படாமல் மெல்ல வேலை செய்தார். தந்தையாரின் வண்ணங்களை அரைப்பதற்கெனச் சிறிய நீராவி இயந்திரம் ஒன்றைச் செய்து கொடுத்தார். பின்பு, நீராவி இயந்திரத்தின் உள்ளுறுப்புகள் வெளிப்படத் தெரியும்படி நடுவே பிளந்து காட்டும் மாதிரிகளைச் செய்து கலாசாலைகளுக்கு விற்றார். அவற்றில் ஒன்றுக்கு 10 பவுன் கிடைத்தது. அவ்வாறு ஈட்டிய பொருளைக் கொண்டே சர்வகலாசாலைச் சொற்பொழிவுகளுக்குச் சீட்டு வாங்கினார். தம் கையால் ஈட்டித் தாமே கற்ற இச்செய்தியை நம் இளைஞர் மனத்திற் கொள்வாராக.

லண்டன் மாநகரில்

அந்நாளில் ஹென்றி மாட்ஸ்லே என்பவர் லண்டனில் இயந்திரம் செய்வோருள் தலைசிறந்து விளங்கினார். திருகாணியின் புரியையும் தட்டையான தளத்தையும் பிழையற அமைப்பதில் அவருக்கு ஒப்பாரில்லை. அவரிடம் தொழில் பயில வேண்டுமென்பது நாஸ்மித்தின் தீராத ஆசை. ஆனால், பணம் கட்டிப் பயில வந்த செல்வர் பிள்ளைகளால் தொல்லையுற்ற மாட்ஸ்லே, மாணாக்கரைச் சேர்ப்பதில்லை என்று உறுதி பூண்டிருந்தார்.

1829-ஆம் ஆண்டில் நாஸ்மித் தந்தையாருடன் கப்பலேறி லண்டன் சேர்ந்தார். மாட்ஸ்லே இருவரையும் அன்புடன் வரவேற்றுத் தொழிற்சாலை முழுவதும் சுற்றிக் காட்டினார். ஆயினும் மாணாக்கர் செய்தியில் தம் உறுதியை விடவில்லை. கொதிகலத்தின் அடியில் ஒருவன் சாம்பல் வாரிக் கொண்டிருந்ததைக் கண்ட நாஸ்மித், அந்த வேலை கிடைப்பினும் தமக்கு மகிழ்ச்சியே என்று மனம் திறந்து கூறினார். அச்சொல் மாட்ஸ்லேயின் மனத்தைத் தொட்டது. தாம் கொண்டு வந்த சிறிய இயந்திரத்தையும் சித்திரங்களையும் காட்ட நாஸ்மித் அனுமதி பெற்றார். மாட்ஸ்லே அவற்றைத் தனித்திருந்து நெடுநேரம் ஆராய்ந்தார். இவ்வளவு செய்யக் கூடியவன் மாணாக்கனாக இருக்க வேண்டுவதில்லை என்று தெளிந்து, தம் சொந்தப் பட்டறையில் தமக்கு அருகிலேயே உதவியாளராக அமர்த்திக் கொண்டார். மூடிய கதவைத் திறந்தது பெரிய மனிதர் சிபாரிசு அன்று; இளைஞர் கையால் செய்த இயந்திரமும் வரைந்த சித்திரமுமே.

வாரக்கூலி 10 ஷில்லிங். இனித் தந்தையார்க்குப் பாரமாயிருத்தல் ஆகாது என்று உறுதி கொண்ட நாஸ்மித், குறைந்த செலவில் உணவு சமைக்க ஒரு சிறு சமையற்கலத்தை யோசித்தார். எண்ணெய் விளக்கின் சூட்டில், அவர் வேலைக்குச் சென்றிருக்கும் நேரத்திலேயே உணவு மெல்ல வெந்து பதமாகும்படி அமைத்தார். அதன் உருவை வரைந்து ஒரு தகரவேலைக்காரரிடம் கொடுக்க, அவர் சித்திரத்தைக் கண்டே கலத்தைச் செய்து தந்தார். இரும்பு வேலைக்காரர் மனத்தில் எழுந்த எண்ணம் தகரவேலைக்காரர் கைக்குச் சென்ற வழி அந்த வரைபடமேயாம்.

1830-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் லிவர்பூல் நகருக்கும் மான்செஸ்டர் நகருக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டபோது, நாஸ்மித் அங்குச் சென்று, ஸ்டீபன்ஸனின் ராக்கெட் என்னும் புகழ்பெற்ற ரயில் இயந்திரத்தை நேரில் கண்டு வரைந்தார். மீளும் வழியில் பெரும்பகுதியை நடந்தே கடந்து, வழியிலுள்ள இரும்புச் சாலைகளையும் பழைய கட்டடங்களையும் கண்டும் வரைந்தும் லண்டன் சேர்ந்தார். 1831-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மாட்ஸ்லே காலமானார். அவ்வாண்டிலேயே நாஸ்மித் சொந்தத் தொழில் தொடங்கும் எண்ணத்துடன் எடின்பரோ திரும்பி, தமக்கு வேண்டிய இயந்திரங்களைத் தாமே செய்து கொண்டார்.

சொந்தத் தொழிற்சாலை

1834-ஆம் ஆண்டில் மான்செஸ்டர் நகரில் ஒரு பழைய ஆலைக் கட்டடத்தின் மாடியில் சிறிய தொழிற்சாலை தொடங்கினார். ஒருநாள், செய்துகொண்டிருந்த பெரிய இயந்திரத்தின் உத்தரம் தளத்தை உடைத்துக் கொண்டு கீழே கண்ணாடி வேலை செய்வோர் இடத்தில் விழுந்தது. அதனால் அவ்விடத்தை விட வேண்டியதாயிற்று. அதுவும் நன்மையாகவே முடிந்தது. மான்செஸ்டருக்கு அருகில் பாட்ரிகிராப்ட் என்னுமிடத்தில், ஒருபுறம் பிரிட்ஜ்வாட்டர் கால்வாயும் மற்றொருபுறம் இருப்புப்பாதையும் செல்லும் நல்ல நிலத்தைப் பெற்று, 1836-ஆம் ஆண்டில் பெரிய தொழிற்சாலையை நிறுவினார். ஹோல்புரூக் காஸ்கெல் என்பவர் கூட்டாளியாகச் சேர்ந்து கணக்கையும் கடிதப் போக்குவரத்தையும் கவனித்தார்.

இங்கு நாஸ்மித் செய்த ஓர் அறச்செயலைக் கூறாது விடுதல் தகாது. அந்நாளில் உருக்கிய இரும்பைப் பெரிய கரண்டியில் ஏந்தி வார்க்கும்போது, பலர் கூடி அதனைக் கைப்பிடிகளால் சாய்ப்பர். ஒருவர் கால் இடறினும் ஒருவர் பிடி தவறினும் நெருப்புக் குழம்பு எல்லார் மேலும் சிதறும், உயிர்ச்சேதமும் உண்டு. நாஸ்மித் 1838-ஆம் ஆண்டில் அக்கரண்டியின் அச்சில் ஒரு பற்சக்கரத்தையும் அதனைத் திருப்பும் திருகையும் பொருத்தினார். அதன் பின் ஒரே ஆள் எட்ட நின்று திருகைச் சுழற்றி, வேண்டிய அளவே சாய்த்து வார்க்கலாயிற்று. இதற்கு அவர் தனியுரிமை பெறவில்லை. அதன் சித்திரத்தையும் விளக்கத்தையும் எழுதிப் பல வார்ப்படச்சாலைக்காரருக்கும் அனுப்பினார். அத்தாள்கள் காத்த உயிர்களை எண்ணிக் கணக்கிட முடியாது.

1839 நவம்பர் 24

நாஸ்மித் ஒரு பழக்கத்தை நெடுநாளாகக் கைக்கொண்டிருந்தார். ஏதேனும் ஒரு யோசனை மனத்தில் தோன்றினால் அதனை உடனே ஒரு குறிப்பேட்டில் வரைந்து வைப்பார். அதற்கு யோசனைப் புத்தகம் என்று பெயர். எண்ணம் பறவை போன்றது. கிளையில் அமர்ந்த கணத்தில் பிடியாவிட்டால் மறுபடி அது வருமென்பது நிச்சயமில்லை.

அக்காலத்தில் புரூனெல் என்னும் பேரறிஞரின் யோசனைப்படி கிரேட் பிரிட்டன் என்னும் மிகப் பெரிய இரும்புக் கப்பல் பிரிஸ்டல் துறையில் உருவாகிக் கொண்டிருந்தது. அதன் பக்கச் சக்கரங்களைச் சுழற்ற 30 அங்குலக் குறுக்களவுள்ள இரும்பு அச்சு வேண்டியிருந்தது. அத்தகைய அச்சை அடித்துருவாக்க வல்ல சம்மட்டி நாட்டில் எங்கும் இல்லை. அக்கப்பலின் இயந்திரங்களுக்குப் பொறுப்பாளராகிய ஹம்ப்ரீஸ் என்பவர் மனம் கலங்கி, வார்ப்பிரும்பையே துணிந்து பயன்படுத்தலாமோ என்று கேட்டு நாஸ்மித்துக்குக் கடிதம் எழுதினார்.

பழைய பெருஞ்சம்மட்டியின் குறை யாது என்று நாஸ்மித் ஆராய்ந்தார். நீண்ட காம்பின் நுனியில் அமைந்த தலையைச் சுழலும் சக்கரத்தின் பற்கள் சிறிதளவு உயர்த்தி விழவிடும்; அதுவே அந்நாளைய அமைப்பு. பட்டடையின் மேல் சிறிய இரும்பை வைத்தால் சம்மட்டிக்கு விழ இடமுண்டு. பெரிய இரும்பை வைத்தாலோ, இடைவெளி முழுவதையும் அவ்விரும்பே அடைத்துக்கொள்ளும். சம்மட்டி விழுவதற்கு இடமில்லை. ஆகவே, வலிய அடி எப்பொழுது வேண்டுமோ அப்பொழுதுதான் அடி மெலிந்து போகும்.

நோயின் மூலத்தைக் கண்டவனுக்கு மருந்து தூரமில்லை. காம்பையே நீக்கிவிட்டால் என்ன? பட்டடைக்கு நேர்மேலே ஒரு நீராவி உருளையைத் தலைகீழாக நிறுத்தி, அதன் உள்ளே இயங்கும் தண்டின் கீழ்நுனியில் கனத்த இரும்புக் கட்டியைப் பிணைத்துவிடலாம். தண்டின் கீழ்ப்புறம் நீராவியைச் செலுத்தினால் கட்டி வேண்டிய உயரம் எழும். நீராவியை வெளிவிட்டால் நேரே கீழே விழும். எழும் உயரத்தைக் கொண்டு அடியின் வலிமையைக் கூட்டவும் குறைக்கவும் செய்யலாம். இவ்வெண்ணம் முழுவதையும், கடிதம் கிடைத்த அரைமணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பொழுதில், நாஸ்மித் யோசனைப் புத்தகத்தின் ஒரு பக்கத்தில் வரைந்து முடித்தார். அதன் மேல் 1839 நவம்பர் 24 என்று நாளும் குறித்தார். அச்சித்திரத்தின் பிரதியை ஹம்ப்ரீஸுக்கு அனுப்ப, அவரும் புரூனெலும் கண்டு ஒப்புக்கொண்டனர்.

நீராவியால் சம்மட்டியை இயக்கலாம் என்னும் எண்ணம் அதற்கு முன்பே சிலர்க்குத் தோன்றியதுண்டு. ஜேம்ஸ் வாட் என்னும் பெரியார் 1784-ஆம் ஆண்டில் பெற்ற தனியுரிமைப் பத்திரத்திலும் அதன் குறிப்பு உண்டு. ஆனால், எண்ணம் வேறு. கொல்லர் கண்டு செய்யும்படி உறுப்புகளோடு தெளிந்த உருவம் வேறு. நாஸ்மித்தின் பக்கத்தில் இருந்தது பின்னதே.

சித்திரம் கடல் கடந்தது

ஊழ் வேறு விதமாகத் திரும்பியது. கிரேட் பிரிட்டன் கப்பலுக்குப் பக்கச் சக்கரங்களை விடுத்து, பின்புறத்தில் சுழலும் திருகு விசிறியை அமைக்க முடிவு செய்தனர். பேரச்சு வேண்டியதில்லை, ஆகவே சம்மட்டியும் வேண்டியதில்லை என்றாயிற்று. நாஸ்மித் பிற இரும்புச் சாலைக்காரருக்குத் தம் சித்திரத்தைக் காட்டினார். தொழில் மந்தமாயிருந்த காலமாதலின், இருக்கும் சம்மட்டிகளுக்கே வேலை போதவில்லை என்று அவர்கள் கையை விரித்தனர். யோசனை காகிதத்திலேயே உறங்கியது.

ஒருநாள் பிரான்ஸ் தேசத்தில் லெ குரூஸோ என்னும் ஊரில் பெரிய இரும்புச்சாலை நடத்தி வந்த ஷ்னைடர் என்பவரும், அவருடைய இயந்திர நிபுணராகிய பூர்தோன் என்பவரும் பாட்ரிகிராப்டுக்கு வந்தனர். நாஸ்மித் அப்போது ஊரில் இல்லை. கூட்டாளியாகிய காஸ்கெல் விருந்தினரை உபசரிக்கும் எண்ணத்தால் யோசனைப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். சம்மட்டியின் சித்திரம் அவர்கள் கண்ணில் பட்டது. அவர்கள் உற்று நோக்கினர், குறித்துக் கொண்டனர், ஊர் திரும்பினர்.

1842-ஆம் ஆண்டில் நாஸ்மித் பிரான்ஸ் சென்றபோது லெ குரூஸோவையும் காணச் சென்றார். அங்கே ஒரு பெரிய இயந்திர உறுப்பு மிகச் செம்மையாக அடித்துருவாக்கப்பட்டுக் கிடந்தது. அதனை எவ்வாறு செய்தீர்கள் என்று பூர்தோனை வினவ, உம்முடைய நீராவிச் சம்மட்டியாலேயே செய்தோம் என்று அவர் விடை கூறினார். நாஸ்மித் உலைக்கூடத்துக்கு விரைந்தார். காகிதத்தில் தாம் பெற்ற பிள்ளை, தாம் அறியாமலே வேற்று நாட்டில் வளர்ந்து ஆளாகி நிற்பதைக் கண்டார்!

அக்காட்சி அவர்க்கு மகிழ்ச்சி அளித்ததா, துயரம் அளித்ததா? இரண்டும் அளித்தன என்றே கொள்ள வேண்டும். அங்குச் சில உறுப்புகள் அடிக்கடி பழுதுபடுவதைக் கேட்டு, அவற்றைத் திருத்தும் வழியை அங்கேயே வரைந்து காட்டினார். ஆனால், தனியுரிமை பெறாமல் இரண்டரை ஆண்டு கழித்ததன் அபாயம் அவர் மனத்தில் உறைத்தது. இங்கிலாந்து திரும்பியதும், உறவினர் ஒருவர் உதவிய பொருளைக் கொண்டு 1842-ஆம் ஆண்டு ஜூன் மாதம் தனியுரிமைப் பத்திரம் பெற்றார். பிரான்ஸ் தேசத்தார் இச்சம்மட்டியைக் கண்டவர் பூர்தோனே என்று கூறுவதும் உண்டு. முதலில் இயங்கும் சம்மட்டியைச் செய்து முடித்த பெருமை அவர்க்கு உரியதே. ஆயினும், நாஸ்மித்தின் உரிமைக்குச் சான்றாக எழுந்து நின்றது அந்த ஒரு பக்கச் சித்திரமும் அதன் மேலிட்ட நாளுமே. 1883-ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய சுயசரிதையிலும் அப்பக்கம் அச்சாகியுள்ளது.

சம்மட்டியின் பணி

அதன் பின் பாட்ரிகிராப்டில் சம்மட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக உருவாயின. அத்தொழிற்சாலையின் மேலாளராகிய ராபர்ட் வில்சன், சம்மட்டியின் அடியைத் தன்னியக்கமாக ஒழுங்கு செய்யும் அமைப்பைச் சேர்த்து அதனை மேலும் திருத்தினார். மலை போன்ற இரும்பை நசுக்கும் அச்சம்மட்டி, கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்த கோழிமுட்டையின் ஓட்டை மட்டும் உடைத்துக் கிண்ணத்தைத் தீண்டாது விடுவதை மக்கள் கண்டு வியந்தனர். வலிமையின் பெருமை அதனை அடக்கி ஆளும் அளவில்தான் உள்ளது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ!

அதே அமைப்பை நிலத்தில் மரத்தூண் இறக்குவதற்கும் நாஸ்மித் பயன்படுத்தினார். டெவன்போர்ட் கப்பற்றுறையில் பழைய முறைக்கும் இதற்கும் போட்டி வைத்துப் பார்த்தபோது, 70 அடி நீளமுள்ள தூணைப் பழைய முறையினர் இறக்க 12 மணி நேரமாயிற்று. நாஸ்மித்தின் இயந்திரமோ நாலரை நிமிடத்தில் இறக்கி முடித்தது. அவர் குடும்பத்தின் பழைய விருதுவாசகம் வெற்றி கலையால் அன்று, போரால் என்னும் பொருளுடையது. நாஸ்மித் அதனைத் தலைகீழாக மாற்றி, போரால் அன்று, கலையால் என்று கொண்டார்.

சந்திரனை வரைந்தவர்

1856-ஆம் ஆண்டில், நாற்பத்தெட்டாம் வயதில், போதிய செல்வம் சேர்ந்துவிட்டது என்று கருதி நாஸ்மித் தொழிலினின்றும் ஓய்வு பெற்றார். கெண்ட் மாகாணத்தில் ஒரு வீடு வாங்கி, அதற்குச் சம்மட்டி வயல் என்று பொருள்படும் பெயரிட்டார். தம் கையாலேயே செய்த 20 அங்குலத் தொலைநோக்கியால் இரவுதோறும் சந்திரனை நோக்கினார். ஆண்டுகள் பலவாகச் சந்திரனின் மலைகளையும் பள்ளங்களையும் கறுப்பும் வெள்ளையுமான சுண்ணக்கட்டியால் வரைந்து வரைந்து திருத்தினார். அச்சித்திரங்களைக் கொண்டு சுண்ணச்சாந்தில் மேடு பள்ளங்களை உருவாக்கி, வெயிலில் வைத்துப் புகைப்படம் எடுத்து, ஜேம்ஸ் கார்பெண்டர் என்பவருடன் சேர்ந்து 1874-ஆம் ஆண்டில் சந்திரனைப் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். சந்திரனின் பள்ளங்கள் எரிமலையால் ஆனவை என்று அவர் கொண்ட கொள்கையை இன்றைய விஞ்ஞானிகள் ஏற்பதில்லை. விண்கற்கள் மோதியதால் ஆனவை என்பதே இன்றைய முடிவு. ஆயினும், கண்டதை வரைந்து, வரைந்ததை உருவாக்கி, உருவாக்கியதைப் பிறர்க்குக் காட்டிய அவர் முறையின் சிறப்பு அதனால் குறையவில்லை. சந்திரனில் ஒரு பள்ளம் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. 1890-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள் லண்டனில் நாஸ்மித் உலக வாழ்வை நீத்தார்.

நாம் கொள்ளத்தக்கன

இவ்வரலாற்றைப் படித்து வியந்து நிற்பதோடு அமைதல் போதாது. நம் முன்னோர் சித்திரம் அறியாதவர் அல்லர். கல்லில் உளி படுமுன் கோடு கண்டவர்கள். தேருக்கும் கதவுக்கும் மரம் அறுக்குமுன் தரையில் உருவிழுத்தவர்கள். ஆனால், தரையில் இழுத்த கோடு மறுநாள் அழிந்துவிடும். வேலை முடிந்ததும் யோசனையும் மறைந்துவிடும். தந்தையின் மனத்திலிருந்த நுட்பம் மகன் அருகிருந்தால் மட்டும் மகனுக்குக் கிட்டும். மகன் வேறு உத்தியோகம் நாடி வெளியூர் சென்றால் தந்தையோடு அதுவும் முடிந்துவிடும். தொழில் இரகசியத்தைக் காப்பாற்றுகிறோம் என்று எண்ணித் தொழிலையே இழப்பது அறிவுடைமையாகாது.

நாஸ்மித்தின் சித்திரம் பிறர் கண்ணில் பட்டதால் அவர்க்கு நட்டம் நேரவிருந்தது உண்மையே. ஆனால், அச்சித்திரம் இல்லாதிருந்தால் என்னவாகியிருக்கும்? அந்த யோசனை அவர் மனத்திலேயே மடிந்திருக்கும். அல்லது வேறொருவர் பின்னால் கண்டபோது தாமே முன்னர்க் கண்டதாகக் கூற அவர்க்கு ஒரு சான்றும் இருந்திராது. ஆகவே, காட்ட அஞ்சி வரையாதிருத்தலினும், வரைந்து நாளிட்டுக் காத்தலே நன்று. உரிமை பெறத்தக்கதற்குக் காலம் தாழ்த்தாது உரிமை பெறுக. உயிர் காக்கும் கரண்டி போன்றதை உலகுக்கு வழங்குக. இரண்டையும் அவர் வாழ்க்கை நமக்குக் கற்பிக்கிறது.

இக்காலத்தில் கணிப்பொறித் திரையில் அளவுப்படம் வரைய வல்ல இளைஞர் நம் குடும்பங்களிலும் உள்ளனர். அது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், எண்ணம் பிறக்கும் நேரத்தில் கணிப்பொறி அருகில் இராது. சட்டைப்பையில் சிறு குறிப்பேடும் பென்சிலும் இருத்தல் கூடும். முதற்கோடு அழகாக இருக்க வேண்டுவதில்லை. பொருள் விளங்கினால் போதும். ஒன்றை வரைந்து, பிழை கண்டு, அதன் அருகிலேயே மற்றொன்று வரைக. காகிதத்தில் நேரும் பிழைக்கு ஒரு தாளே செலவு. இரும்பிலும் மரத்திலும் பொன்னிலும் நேரும் பிழைக்கு நம் கைப்பொருளே செலவு.

வீட்டில் முதியோர் உளராயின், அவர்கள் செய்த பூட்டும் கீலும் பெட்டியும் அணியும் எவ்வாறு அமைந்தன என்பதைப் பேரப்பிள்ளைகள் அருகிருந்து கேட்டு வரைந்து வைப்பார்களாக. ஆண்பிள்ளைகட்கு மட்டுமன்றிப் பெண்மக்களுக்கும் இப்பயிற்சி உரியது. நாஸ்மித்தின் தமக்கைமார் சித்திரத்தில் சிறந்திருந்ததை மேலே கண்டோம். பிள்ளைகளுக்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டா. முற்றத்தில் நான்கு செங்கற்களை எறிந்து, அவற்றை விழுந்தபடியே வரையச் சொன்னால் போதும். நம் சங்கத்தாரும் விடுமுறை நாட்களில் இதற்கென ஒரு வகுப்பு நடத்துவராயின் அது பெரும் உபகாரமாகும்.

கொல்லன் அல்லன் என்று பெயர் கொண்டவர் ஒரு பென்சிலின் துணையால் கொல்லர்க்கெல்லாம் துணைவர் ஆனார். பிறப்பிலேயே உலையும் உளியும் வாய்த்த நம் மக்கள் அப்பென்சிலையும் கைக்கொள்வாராயின், அவர்கள் அடையும் ஏற்றத்துக்கு எல்லை ஏது? அன்பர்கள் சிந்தித்துச் செயலிற் கொள்வார்களாக.